நேர்முகப் பரீட்சைக்குப் பின்

நேர்முகப் பரீட்சை என்பது அரை மணி நேரத்து அலுவல். அதன் பின்னர் வருகின்ற காத்திருப்போ வாரக்கணக்காக, சில வேளைகளில் மாதக்கணக்காக நீள்வது. அந்த அரை மணி நேரத்துக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பலர் உளர். சட்டையின் நிறம் முதல் உட்காரும் முறை வரை புத்திமதிகள் குறைவின்றிக் கிடைக்கின்றன. காத்திருக்கும் மாதங்களில் யாது செய்வது என்பதைப் பற்றி மட்டும் சொல்வார் அரியர். ‘வரும், பொறுத்திரு’ என்பதே பெரும்பாலும் வீட்டாரின் வார்த்தை.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இக்காத்திருப்புக்குத் தனியானதொரு பாரம் உண்டு. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் நடைபெறும் நேர்முகப் பரீட்சைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மாங்குளம் சந்திவரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அங்கிருந்து யாழ்ப்பாணம் இன்னும் 90 கிலோமீற்றர் அளவில். பஸ் கட்டணம், பிரதிகள் எடுத்த செலவு, துணைக்கு வந்த தகப்பனாரின் ஒரு நாட் கூலி யாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த அரை மணி நேரத்துக்கு அக்குடும்பம் கொடுத்த விலை தெரியும். முடிவு வரும்வரை அவள் வேறு வேலையை ஏற்பதா, விடுவதா? காலபோகத்துக்குக் காணியைத் தமையனிடமே விட்டுவிடுவதா? தொழிற்பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதா? ஒரு கடதாசி வராமையினால் இத்தனை முடிவுகளும் தொங்கிக்கொண்டு நிற்கின்றன.

இதைவிடப் பெரிய இடர் வயதெல்லை. அரசாங்கப் பதவிகளுக்கான அறிவித்தல்கள் யாவற்றிலும் இன்ன வயதுக்கு மேற்படாதவராயிருத்தல் வேண்டும் என்று ஒரு வரி காணப்படும். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் பள்ளிப்படிப்பு அறுந்து, முகாமிலிருந்து மீண்டும் தொடங்கியவர்கள் வன்னியில் மிகப் பலர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். பரீட்சைகளைப் பிந்தி எழுதியவருக்கு வயதெல்லையும் முந்தி வந்துவிடுகிறது. ஒரு விண்ணப்பத்தின் முடிவை அறியாமல் ஓராண்டு காத்திருப்பது மற்றவருக்கு ஓராண்டு இழப்பு மாத்திரமே. இவர்களுக்கோ அது கடைசி வாய்ப்பாகவும் இருத்தல் கூடும்.

இவ்வாறிருந்தும் முடிவு யாதென்று கேட்பவர் சிலரே. காரணம் இரண்டு. கேட்பது யாசிப்பதாகும் என்ற கூச்சம் ஒன்று. கேட்பதாயின் தக்க ‘ஆளைப் பிடித்தே’ கேட்கவேண்டும் என்ற நம்பிக்கை மற்றொன்று. முதலாவது வகையினர் வாய்மூடி இருக்கின்றனர். இரண்டாவது வகையினர் அரசியல்வாதி ஒருவருடைய அலுவலக வாசலில் கடிதம் வாங்கக் காத்து நிற்கின்றனர். விண்ணப்பம் எங்கே கிடக்கிறது என்பது இவ்விரு திறத்தாருக்கும் தெரியாமலே போகிறது.

கூட்டுத்தாபனங்களும் கம்பனிகளும் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிவித்தல்களின் அடியில், செல்வாக்குப் பயன்படுத்த முயல்வது தகுதியீனமாகக் கொள்ளப்படும் என்ற கருத்தில் ஒரு வாசகம் அடிக்கடி காணப்படுவதுண்டு. இதனை வாசித்தவர்கள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பதற்கும் அஞ்சுகின்றனர். அச்சம் வேண்டியதில்லை. ‘எனக்குச் சார்பாக முடிவு செய்யுங்கள்’ என்று நேராகவோ பிறர் மூலமாகவோ சொல்வது செல்வாக்கு. ‘முடிவாயிற்றா? யாது முடிவு?’ என்று வினவுவது விசாரணை. முன்னதை எந்த நிருவாகமும் வெறுக்கும். பின்னதற்கு விடை சொல்வது அலுவலகத்தின் கடமைகளுள் ஒன்று.

விடை ஏன் தாமதமாகிறது என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. நேர்முகச் சபையார் புள்ளியிட்டுக் கையொப்பமிடுவதோடு அரசாங்கத் தெரிவு முடிவதில்லை. சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கப்படவேண்டும். பட்டியல் நியமன அதிகாரியிடம் போகவேண்டும். பதவிகளின் எண்ணிக்கைக்கும் சம்பளப் பணத்துக்கும் அங்கீகாரம் இருக்கவேண்டும். மாகாணப் பதவியாயின் மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் அங்கீகாரமும் வேண்டப்படலாம். தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் அந்த அந்த இடத்திலே நின்றுவிடும். 2020 மார்ச்சில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, வேலையற்ற பட்டதாரிகளுக்கென அனுப்பப்பட்ட நியமனங்கள் தேர்தல் ஆணைக்குழுவினால் இடைநிறுத்தப்பட்டன. ஓகஸ்டில் தேர்தல் முடிந்து, செப்டெம்பரிலேதான் அவர்கள் கடமையேற்றனர். கையில் கடிதத்தை வைத்துக்கொண்டே அரை ஆண்டு காத்திருந்த பட்டதாரிகள் வடக்கிலும் இருந்தனர். மௌனம் எப்போதும் மறுப்பன்று. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராமையே பல வேளைகளில் காரணமாகும்.

நேர்முகப் பரீட்சையிலும் இருவகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பொது நேர்முகப் பரீட்சை என்பதில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. விண்ணப்பகாரர் கூறிய தகைமைகள் மெய்யானவையா என்று பார்ப்பதே அதன் நோக்கம். தெரிவு எழுத்துப் பரீட்சையின் புள்ளிகளைக் கொண்டே நடைபெறும். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்பது வேறு. அதில் மேலதிகக் கல்வித் தகைமைக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, மொழியறிவுக்கு இத்தனை என்று முன்னரே அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தின்படி புள்ளிகள் இடப்படும். தாம் தோற்றியது எவ்வகை என்பதை அறிந்தவருக்கே பின்னர் எதனை விசாரிப்பது என்பது விளங்கும். வர்த்தமானி அறிவித்தலிலேயே அது எழுதப்பட்டிருக்கும். ஆதலின் விண்ணப்பம் அனுப்பியவுடன் அறிவித்தலை எறிந்துவிடுதல் ஆகாது.

விசாரணை உண்மையில் நேர்முக அறையை விட்டு எழும்புமுன்னரே தொடங்குகிறது. ‘முடிவை எப்போது அளவில் எதிர்பார்க்கலாம்? யாரிடம் விசாரிக்கலாம்?’ என்று சபையாரிடமோ வெளியே பெயர்களைப் பதியும் உத்தியோகத்தரிடமோ கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதை அன்றே குறித்துக்கொள்ளல் வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருத்தல் அதனினும் முக்கியம். அரசாங்கக் கடிதங்களின் தலைப்பில் ‘எனது இல.’ என்றும் ‘உமது இல.’ என்றும் இரு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். அக்கடிதத்தில் ‘எனது இல.’ என்றிருப்பதுதான் கோப்பின் இலக்கம். விண்ணப்பகாரர் எழுதும்போது அதனையே ‘உமது இல.’ என்று குறிப்பிடவேண்டும். நூற்றுக்கணக்கான கோப்புகள் அடுக்கிய அலுமாரிகளுக்கு நடுவில் இருக்கும் எழுதுநருக்கு, பெயரைவிட அந்த இலக்கமே விரைவாக வழிகாட்டும்.

சொல்லப்பட்ட காலம் கடந்து ஒரு கிழமை பொறுத்தபின் கடிதம் எழுதலாம். காலம் எதுவும் சொல்லப்படாதவிடத்து, அரசாங்க அலுவலகமாயின் ஒரு மாதம் பொறுப்பது முறை. கடிதம் நீளவேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

‘உமது மேற்படி இலக்கக் கடிதத்தின்படி, முகாமைத்துவ உதவியாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு இம்மாதம் இன்ன திகதி தோற்றினேன். அதன் பெறுபேறு இதுகாறும் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிவு நிறைவெய்தியிருப்பின் எனது விண்ணப்பத்தின் முடிவையும், நிறைவெய்தாதிருப்பின் அதனை எப்போது அறியலாம் என்பதையும் அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். எனது தற்போதைய முகவரியும் தொலைபேசி இலக்கமும் கீழே தரப்பட்டுள்ளன.’

குடும்பத்தின் வறுமை, போரில் இழந்த தமையன், திருமணத்துக்கு நிற்கும் சகோதரிகள் ஆகியவற்றை இக்கடிதத்தில் எழுதுவோர் உளர். அவை மெய்யான துயரங்கள். எழுதத் தூண்டும் மனநிலையும் விளங்கக்கூடியதே. ஆயினும் கடிதத்தைப் பிரிக்கும் உத்தியோகத்தருக்கு அவற்றின்மீது எடுக்கத்தக்க நடவடிக்கை எதுவும் இல்லை. கேட்ட கேள்வி இரண்டாம் பக்கத்தில் மறைந்துவிட, கடிதம் ‘வேலை கோரும் மனு’ என்ற கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். விசாரணைக் கடிதத்தில் விசாரணை மட்டுமே இருத்தல் வேண்டும்.

மொழி பற்றிய தயக்கமும் பலருக்கு உண்டு. கொழும்புக்கு எழுதுவதாயின் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதவேண்டும் என்று எண்ணி, எழுதித் தருவதற்கு ஒருவரைத் தேடி நாள் கடத்துகின்றனர். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. இங்குள்ள ஒருவர் அரசாங்க உத்தியோகத்தர் எவருடனும் தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்வதற்கும் அவரிடமிருந்து தமிழில் தொடர்பைப் பெறுவதற்கும் உரித்துடையவர். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்தல் வேண்டும். பின்னர் கேள்வி எழுந்தால் அந்தச் சிறு துண்டே சாட்சி.

முகவரி பற்றியும் ஒரு சொல். இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்து, பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களின் முகவரிகள் பல தடவை மாறியுள்ளன. விண்ணப்பத்தில் எழுதியது ஒரு முகவரி, இருப்பது வேறோர் ஊர். கைத்தொலைபேசி இலக்கமும் அப்படியே. மலிவான சலுகை கிடைத்ததென்று சிம் அட்டையை மாற்றியவர், அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு எட்டாமற் போனதை அறியவே மாட்டார். இவற்றுள் எது மாறினாலும் உடனே எழுத்தில் அறிவிக்கவேண்டும். உபதபாலகத்திலும் சொல்லி வைக்கலாம்.

தனியார் துறையில் நடைமுறை வேறு, காலமும் குறுகியது. போரின் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துள்ளன. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஏ-9 வீதி நெடுகக் கிளைகளைத் திறந்துள்ளன. இவ்விடங்களில் நேர்முகப் பரீட்சை நடந்த மறுநாளே, சந்திக்க இடமளித்தமைக்கு நன்றி கூறி இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவது மேல்நாட்டு வழக்கம்; இங்கும் அது பரவி வருகிறது. செய்வதில் நட்டமில்லை, செய்யாமையினால் வேலை போய்விடும் என்று அஞ்சவும் வேண்டா. வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு ‘சேர், என்ன முடிவு?’ என்று அனுப்புவதோ தீங்கு செய்யும். காலை வேளையில் அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்து, பெயரையும் பதவியையும் நேர்முகத் திகதியையும் சொல்லிக் கேட்பது நல்லது. ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குச் சலிப்பே மிஞ்சும்.

கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் போன்ற தொண்டு நிறுவனங்களில் நிலைமை மேலும் ஒரு படி வேறுபட்டது. கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலைப் பகுதியில் நிலத்தைத் துப்புரவாக்கும் பணியில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் தொழில் பெற்றனர். இப்பணிகள் வெளிநாட்டு நன்கொடையைச் சார்ந்தவை. பணம் வந்தால் ஆட்கள் எடுக்கப்படுவர். பணம் முடிந்தால் தகுதியுடையவரும் வெளியே நிற்கவேண்டும். இத்தகைய இடத்தில், ‘எனது பெயரை அடுத்த ஆட்சேர்ப்புக்கு வைத்திருப்பீர்களா?’ என்பதே கேட்கத்தக்க கேள்வி.

தனியார் வேலை கிடைத்துவிட்டதென்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், எழுத்தைக் கேட்கத் தயங்கலாகாது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் பெறும் உரிமையை ஊழியருக்கு அளிக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் கொள்வோரிடமிருந்து 12 வீதமும் செல்லவேண்டும் என்பதும் நினைவிலிருக்கத்தக்கது. வேலைக்குச் சேரும் நாளில் இவற்றைக் கேட்பதை எந்த நேர்மையான முதலாளியும் குற்றமாகக் கொள்ளார்.

காத்திருப்போரின் ஏக்கத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்வோரும் உளர். நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த செய்தி ஊரில் பரவியதும் ஒருவர் வருவார். ‘பட்டியலில் பெயர் இருக்கிறது, இறுதிக் கையொப்பத்துக்கு இவ்வளவு தேவை’ என்பார். பட்டியலில் பெயர் இருந்தால் பணம் வேண்டியதில்லை. இல்லாவிட்டால் பணம் உதவப்போவதுமில்லை. நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, அரசாங்க உத்தியோகத்தருக்கு இலஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதனால் முறைப்பாடு செய்யவும் அஞ்சி மௌனமாக அழும் குடும்பங்களின் கதை எந்த மாவட்டத்துக்கும் புதிதன்று. நேராக அலுவலகத்துக்கு எழுதி விடை பெறும் வழக்கம் ஊரில் வேரூன்றினால், இத்தரகருக்கு விற்பதற்குச் சரக்கு இராது.

அரசாங்க அலுவலகம் கடிதத்துக்கும் விடை தராதவிடத்து, முன்னைத் தலைமுறைக்கு இல்லாதிருந்த ஒரு கருவி இன்று கையில் உண்டு. அதுவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இவ்வகைச் சட்டங்களின் வரலாறு நெடியது. சுவீடன் 1766இலேயே அரசாங்கப் பத்திரங்களைக் குடிமக்கள் பார்க்க வழி திறந்தது. தமிழ்நாடு 1997இல் ஒரு சட்டம் இயற்றியது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 2005இல் வந்தது.

இலங்கைச் சட்டத்தின் நடைமுறை கடினமானதன்று. ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். அவருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயினாற் சொல்லலாம். அலுவலர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். எதற்காகத் தகவல் தேவை என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்து ஆதாரம் கேட்டுப் பெறலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா, மறுப்பதா என்று முடிவு செய்யப்படவேண்டும். மறுத்தாலோ விடை வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று கிழமைக்குள் முடிவு கூறவேண்டும். அங்கும் பலனில்லையாயின் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். சட்டத்தரணி தேவையில்லை.

எதனைக் கேட்பது என்பதில் விவேகம் வேண்டும். ‘என்னை ஏன் எடுக்கவில்லை?’ என்பது தகவற் கோரிக்கை ஆகாது. அது குறை கூறல். ‘எனக்கு ஒவ்வொரு பிரிவிலும் வழங்கப்பட்ட புள்ளிகள், அங்கீகரிக்கப்பட்ட புள்ளித் திட்டத்தின் பிரதி, தெரிவானவருள் கடைசியாக இடம்பெற்றவரின் மொத்தப் புள்ளி, நிரப்பப்பட்ட வெற்றிடங்களின் எண்ணிக்கை’ எனக் கேட்டால் அலுவலகத்திலுள்ள பத்திரங்களே விடை தரும். பிறருடைய அந்தரங்க விவரங்களைக் கேட்டால் மறுக்கப்படக்கூடும். இந்தியாவில் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றம் 2011இல், பரீட்சார்த்தி ஒருவர் திருத்தப்பட்ட தம் விடைத்தாளைப் பார்க்க உரித்துடையவர் என்று தீர்த்தது. 2012இல், நேர்முகச் சபையினரின் பெயர்களை வெளியிடவேண்டியதில்லை என்றும் தீர்த்தது. இரண்டாவது தீர்ப்பின் காரணம், தெரிவாகாதவரின் சினம் சபையினரைத் தாக்கக்கூடும் என்பதே. அத்தீர்ப்புகள் இலங்கையைக் கட்டுப்படுத்தாவிடினும், எல்லைக்கோடு எங்கே வரையப்படலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

தெரிவில் பாரபட்சம் நிகழ்ந்ததென்று நம்ப இடமிருப்பின் காலம் மிகமிக முக்கியம். அடிப்படை உரிமை மீறல் பற்றிய மனு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் உண்டு. ‘வரும், பொறுத்திரு’ என்ற வீட்டுப் புத்திமதி இவ்விடத்திலேதான் பெருங்கேடு செய்கிறது. மற்றவர்கள் கடமையேற்றுவிட்டனர் என்று ஆறு மாதம் கழித்துச் சந்தையிற் கேள்விப்படுபவருக்கு, நியாயம் இருந்தாலும் நேரம் போயிருக்கும்.

பெறுபேறு ‘தெரிவாகவில்லை’ என்று வந்தாலும் புள்ளி விவரத்தைக் கேட்பதனால் பயனுண்டு. 1960களில் வேலையற்ற படித்த இளைஞருக்கு விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி கொடுத்து ‘படித்த வாலிபர் திட்டம்’ என்று பெயரிட்டார்கள். அவ்வூர்களின் பிள்ளைகள் இன்று கேட்பது பெரும்பாலும் தொழிற்சான்றிதழுக்கு ஏற்ற வேலை. புள்ளிப் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்த்தால், கணினிச் சான்றிதழுக்குரிய புள்ளி பூச்சியமாக இருப்பதைக் காணலாம்; சான்றிதழ் இருந்தும் பிரதி இணைக்கப்படாமையே காரணமாயிருக்கலாம். போரில் தொலைந்த சாதாரண தரப் பெறுபேற்றுப் பத்திரமாயின் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். தொழிற்றகைமை குறைவாயின் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் சேர்ந்து அதனை உயர்த்திக்கொள்ளலாம்.

இறுதியாகக் கேட்கவேண்டிய வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. தெரிவானவர்களில் சிலர் கடமையேற்க வராமல் விடுவதுண்டு. அவ்வெற்றிடங்களைத் தகுதி வரிசையில் அடுத்து நிற்போரைக் கொண்டு நிரப்புவார்களா, எத்தனை மாதம் வரை அவ்வரிசை செல்லுபடியாகும் என்பதை அதே தகவற் கோரிக்கையில் சேர்த்துக் கேட்கலாம். விடை ‘ஆம்’ என்றால், பதிவுத் தபாற் பற்றுச்சீட்டுகளும் அழைப்புக் கடிதமும் இருக்கும் கோப்பை அந்தத் திகதிவரை பெட்டியின் மேற்பக்கத்திலேயே வைத்திருக்கலாம். ‘இல்லை’ என்றால், வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் வர்த்தமானியின் வெற்றிடப் பக்கத்தை அடுத்த கிழமையே புரட்டத் தொடங்கலாம்.